எந்த உடை?

ஓடைக்கரைப்பட்டி, கழுகுமலை வழி
9 ஜூலை 2024

அண்ணன் எபநேசருக்கு,

'கர்த்தருக்குள் பிரியமான' என்று தொடங்கத்தான் அப்பா சொல்லிக்கொடுத்தார். இன்று கோபத்தில் இருக்கிறேன். எழுதினால் அந்த வரி பொய்யாகிவிடும். நான் சுகம். நீயும் மதினியும் உன் மகள் பியூலாவும் சுகமா?

உன் நம்பரைப் போனில் தடுத்து வைத்திருப்பதால் இந்தக் கடிதம். மும்பைக்குப் போய்ச் சேர ஆறு நாளாவது ஆகும் என்று தபால்காரர் சொன்னார். ஆகட்டும். போனில் நீ குரலைத் தழைத்து 'ஏட்டி பிரிஸ்கி' என்பாய், நான் சரி என்றுவிடுவேன். இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள் நான். எழுதாத பேச்சு எதுவும் செல்லாது என்று தினமும் பார்க்கிறேன். நம் காட்டைப் பற்றி இனி எழுதியே பேசுவோம்.

சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் நீ போட்ட படத்தைப் பார்த்தேன். நம் ஏழு ஏக்கரின் அடங்கல். எந்த நிலத்தில் என்ன நிற்கிறது என்று வி.ஏ.ஓ. எழுதிவைக்கும் பதிவு அது. அதில் 'தரிசு' என்று இருக்கிறது. கீழே நீ எழுதியிருக்கிறாய்: 'சும்மா கிடக்கிற தரிசு. சோலார் கம்பெனி முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்கிறது. தங்கச்சிக்கு எல்லோரும் புத்தி சொல்லுங்கள்.' சொல்கிறார்கள். நேற்று மட்டும் ஏழு பேர். ஒருவரும் நம் காட்டுக்குள் கால் வைத்தவர் இல்லை.

ஒரு நாளைக்கு முப்பது அடங்கல் அச்செடுக்கிறேன், அண்ணே. பாதிக்குப் பாதி தரிசு. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், போன வருடத்து வரியைப் பார்த்து இந்த வருடமும் எழுதிய தரிசு. கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிறவன் முதலில் தேடுவது அந்த ஒரு சொல்லைத்தான். வெயிலில் கரண்ட் எடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மரம் நிற்கிற நிலத்தைக் காகிதத்தில் மொட்டையடித்துவிட்டு, பிறகு நிஜமாகவே மொட்டையடிக்க வருகிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம்.

கூட்டுப் பட்டா இது. என் கையெழுத்தும் இல்லாமல் குத்தகை நடக்காது. நான் போட மாட்டேன்.

இப்படிக்கு,
பட்டாவின் இரண்டாவது பெயர்,
பிரிஸ்கில்லா

*

மும்பை
25 ஜூலை 2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கை பிரிஸ்கில்லாவுக்கு, தோத்திரம்.

தேவ கிருபையால் இங்கே நான், உன் மதினி, பியூலா எல்லோரும் பூரண சுகம். உன் சுகத்துக்காக ராத்திரி ஜெபத்தில் தவறாமல் கேட்கிறோம். பேனா பிடிக்கச் சோம்பலாக இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல பியூலா எழுதுகிறாள்.

கோபப்படாமல் யோசி. அந்தக் காடு நமக்கு என்ன தந்தது? அப்பா பருத்தி போட்டார், மழை இல்லை. உளுந்து போட்டார், மழை நிற்கவில்லை. கடைசியில் விளைந்தது உடை முள்மரம்தான். அதற்குள் பாம்பும் பன்றியும் கிடக்கும். நீ ஒற்றைப் பெண்ணாக அங்கே போய் வருகிறாய் என்று கேள்விப்படுகிறேன். உனக்கும் இருபத்தொன்பது ஆகிறது. ஒரு நல்லது நடக்க வேண்டாமா?

மணிராஜ் அண்ணாச்சிதான் கம்பெனிக்காக நிலம் பேசுகிறார். தன்மையான ஆள். வந்தால் எடுத்தெறிந்து பேசாதே. எனக்கு வேலை வழக்கம்போல நடக்கிறது.

அன்பு அண்ணன்,
எபநேசர்

*

ஓடைக்கரைப்பட்டி
6 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

நான் சுகம். பியூலாவின் கையெழுத்து நன்றாக இருக்கிறது, சொல். ஆனால் கிறிஸ்துமஸ் வாழ்த்தையே நாலு பக்கம் எழுதுகிறவன் நீ. உனக்கு எப்போதிருந்து பேனா பிடிக்கச் சோம்பல்?

என் கல்யாணத்தை இதற்குள் இழுக்காதே. ஏழு ஏக்கரைத் தூக்கிக் கொடுத்துத்தான் ஒருவன் வருவான் என்றால் அவன் வர வேண்டாம்.

நம் ஊரில் உழுகிற நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர். நம்முடையது இப்போது நிஜமான காடு. நீ 2010இல் ரயிலேறும்போது பார்த்தது சீமை உடை மட்டும், வெளியூரில் சீமைக் கருவேலம் என்பார்களே, அது. அப்பா அடக்கத்துக்கு வந்து மூன்று நாள் இருந்தாய், அந்தப் பக்கம் போகவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நானும் அப்பாவும் ஒரு ஏக்கரை ஒரே மூச்சில் வெட்டினோம். தூரை விட்டுவிட்டோம். ஐப்பசி மழைக்கு முன்னைவிட இரண்டு மடங்கு துளிர்த்தது. பட்ட பிறகு புத்தி வந்தது. அதன்பின் வருடத்துக்கு அரை ஏக்கர்தான். மழை பெய்து கரிசல் இளகியதும் தூரோடு தோண்டுவோம். அப்படித் தோண்டும்போதுதான் பார்த்தோம், முள்ளுக்கடியில் காக்கை போட்ட வேம்பும் மஞ்சணத்தியும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. ஆடு வாய் வைக்காமல் அந்த முள்ளேதான் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் ஓரத்து முள்ளை வேலியாக விட்டுவைத்தோம். அப்பா 2019இல் போனார். நான் நிறுத்தவில்லை. பத்து வருடத்தில் ஐந்து ஏக்கர் முடிந்தது. பின்பக்கம் இரண்டு ஏக்கர் இன்னும் சீமை உடை. அதுதான் மோசமான பகுதி, தூர் ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம்.

ஒரே குழியில் நாலு வேம்பு நின்றால் இரண்டை எடுத்துவிடுகிறேன். எடுக்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கும். எடுக்காவிட்டால் நாலும் சவலை. தை மாதம் அடிக்கிளை கழிப்பு. பங்குனியில் காட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குச் செத்தை இல்லாமல் வழித்துவிடுகிறேன், தீ வந்தால் அங்கேயே நின்றுவிடும். சித்திரையில் கரிசல் வெடித்து வேரை அறுக்கும், அந்த வெடிப்புக்குள் சருகைத் தள்ளி மிதிக்கிறேன். ஆனி, ஆடியில் பாண்டியம்மாள் அக்காவோடு பத்துப் பெண்கள் வேப்பமுத்து பொறுக்க வருகிறார்கள். மற்ற நாளெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் குனிந்தே இருக்கிறவர்கள். 'குனியுதது ஒண்ணுதான் ஏட்டி, ஆனா இங்கன மேல நெழலு இருக்கு' என்கிறாள் அக்கா.

இதற்குத்தான் தரிசு என்று பெயர்.

உன் பதிலை உன் கையால் எழுது.

பிரிஸ்கில்லா

*

மும்பை
22 ஆகஸ்ட் 2024

பிரியமான தங்கைக்கு, தோத்திரம்.

எல்லோரும் சுகம். கடிதம் கிடைத்தது. நீ பாடுபட்டிருக்கிறாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மரத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? குத்தகை என்றால் மாதம் பிறந்தால் கைக்கு வரும். எனக்கும் வயது ஏறுகிறது.

மணிராஜ் அண்ணாச்சி வருவார். கையெழுத்துப் போடு. மற்றதை நேரில் பேசலாம்.

(இந்தக் கடிதமும் பியூலாதான் எழுதுகிறாள். எனக்கு ஓவர்டைம்.)

எபநேசர்

*

ஓடைக்கரைப்பட்டி
3 செப்டம்பர் 2024

எபநேசருக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

மணிராஜ் வந்தார். தன்மையான ஆள்தான். சிரித்துக்கொண்டே ஒரு ஜெராக்ஸை நீட்டினார். ஜூன் 18ஆம் தேதி. நீ குழுவில் படம் போடுவதற்கு முன்பே, எனக்கு 'யோசி' என்று எழுதுவதற்கு முன்பே, எழுதிக் கொடுத்துவிட்டாய். 'மேற்படி நிலத்தில் உள்ள உடை மரங்களை வெட்டி அகற்றி நிலத்தைச் சுத்தம் செய்துகொள்ள எனக்கு ஆட்சேபனை இல்லை.' இரண்டு கடிதத்திலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

குத்தகைக்கு என் கையெழுத்து வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் முதலில் மரத்தை எடுத்துவிடுவார்கள். பொட்டல் காட்டை வைத்துக்கொண்டு இவள் எத்தனை நாள் வீம்பு பிடிப்பாள் என்பதுதான் கணக்கு. 30ஆம் தேதி திங்கட்கிழமை ஜேசிபியோடு வருகிறார்களாம்.

போலீசுக்குப் போனேன். "அண்ணன் எழுதிக் குடுத்திருக்கான்லா, பொம்பளப் பிள்ளைக்கு என்னம்மா இதுல?" என்றார் ஒருவர். பட்டாவைக் காட்டினேன். "குடும்பப் பிரச்சினைய வீட்டுல பேசுங்க" என்றார். பட்டாவில் பெயர் இருக்கிற பெண் அங்கே யாருக்கும் குடும்பம்தான், உடைமைக்காரி இல்லை.

அந்த எழுத்து பியூலாவுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கோணல்மாணலாக எழுதியது போல இருக்கிறது. குடித்துவிட்டு எழுதினாயா?

இன்னொன்று. 'உடை மரங்கள்' என்று எழுதியிருக்கிறாயே, எந்த உடை? ஓடைக்கரையில் குடை விரித்தாற்போல ஏழு மரம் நிற்கிறதே, வெள்ளை முள்ளோடு, அதுதான் உடை. அந்தப் பெயர் அதற்குத்தான் சொந்தம். பின்பக்கம் அடைத்து நிற்பது சீமை உடை. வந்ததும் நிலத்தைப் பிடித்தது, பிறகு பெயரையும் பிடித்துக்கொண்டது. வேம்பும் மஞ்சணத்தியும் இரண்டிலும் சேராது. எதை வெட்டச் சொன்னாய் என்று உனக்காவது தெரியுமா?

பிரிஸ்கில்லா

*

ஓடைக்கரைப்பட்டி
16 செப்டம்பர் 2024

பதில் இல்லை. இன்னும் பதினாலு நாள் இருக்கிறது. உன் நம்பரைத் திறந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன், நீ எடுக்கவில்லை. மதினி எடுத்து, 'அவிய தூங்குதாவ' என்று வைத்துவிட்டார். பகல் பதினோரு மணிக்குத் தூங்குகிறவனுக்கு என்ன வேலை அங்கே? உன் உடம்புக்கு ஏதாவதா? அதையாவது எழுது.

பி.

*

மும்பை
20 செப்டம்பர் 2024

பிரிஸ்கி,

இதை நானே எழுதுகிறேன். இடது கை. இரண்டு நாளாக எழுதுகிறேன். அதனால் சுருக்கம்.

சுகம் என்று எழுதியது பொய். ஏப்ரல் 26. பட்டறையில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வருவதற்குள் பட்டறை நோட்டில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். பதினாலு வருடம் வேலை பார்த்தவனை, இவன் எங்கள் ஆளே இல்லை என்கிறான் முதலாளி. அன்றிலிருந்து வீட்டில்தான். உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பாவுக்குப் பிறகு நான்தான் உனக்குச் செய்ய வேண்டியவன்.

குடிக்கவில்லை. நீ கேட்டதில் தப்பில்லை. அந்தச் சம்மதக் கடிதம் இடது கையால் நான் எழுதிய முதல் எழுத்து. மணிராஜின் ஆள் இங்கே வந்தான். 'வேம்பு, கருவேல் உள்ளிட்ட அனைத்து வகை மரங்களையும்' என்று சொன்னான். நீளமான வரி. கை வலித்தது. என் ஞாபகத்தில் அங்கே இருந்தது உடை மட்டும்தான். 'உடை மரங்கள்' என்று எழுதி முடித்துவிட்டேன். அவன் ஊர் வேறு. எல்லாம் ஒன்றுதானே என்று வாங்கிக்கொண்டு போனான்.

நீ எந்த உடை என்று கேட்டாய். பதில் தனித்தாளில் இருக்கிறது. பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா பார்த்துச் சரி என்றார். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

எபநேசர்

(தனித்தாள்)
18.6.2024 தேதியிட்ட என் கடிதத்தில் உடை மரங்கள் என்று நான் எழுதியது பின்பக்கம் இரண்டு ஏக்கரில் உள்ள சீமை உடையை மட்டும். ஓடைக்கரை உடை, வேம்பு, மஞ்சணத்தி, வாகை முதலிய எதையும் தொட என் சம்மதம் இல்லை. மரங்களைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவள் என் தங்கை பிரிஸ்கில்லா. அவளே அவற்றை வளர்த்தவள்.
— எபநேசர்

*

ஓடைக்கரைப்பட்டி
5 அக்டோபர் 2024

பிரியமான அண்ணனுக்கு,

கை எப்படி இருக்கிறது? புண் முழுக்க ஆறிவிட்டதா? குடித்தாயா என்று கேட்டதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

27ஆம் தேதி உன் தாள் வந்தது. இருபது நகல் எடுத்தேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு ஜேசிபி, ஒரு லாரி, அறுப்பு மெஷினோடு எட்டு ஆள். மேஸ்திரி பெயர் சோலை, கயத்தாறுப் பக்கம் விறகை மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர். நான் முன்னால் நின்றேன். பாண்டியம்மாள் அக்கா, சுப்புத்தாய், முத்துப் பொறுக்கும் பெண்கள் எல்லோரும் அன்றைக்குத் தீப்பெட்டி ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"வழிய விடும்மா. ஒங்க அண்ணன் எழுதிக் குடுத்திருக்கான்" என்றார் மணிராஜ்.

"அத நீங்களே வாசிங்க அண்ணாச்சி. சத்தமா."

வாசித்தார். உடை என்ற இடத்தில் மட்டும் குரல் உள்ளே போனது.

"என்ன மரம்னு இருக்கு?"

"உடைன்னா... மரந்தாம்மா. ஒரு பேச்சுக்கு எழுதுதது."

சோலை மேஸ்திரி மெஷினைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு பேச்சுக்கு வேம்ப உடைன்னு எவன்யா சொல்லுவான்? நான் முப்பது வருசமா மரம் அறுக்குதேன்."

பாண்டியம்மாள் அக்கா விடுவாளா? "ஏன் அண்ணாச்சி, நீரு பொண்ணு கட்டுதப்போ, பொண்ணுன்னா ஒரு பேச்சுக்குன்னு சொல்லி அவ அக்கா தங்கச்சி அம்புட்டுப் பேரையுமா வேன்ல ஏத்திட்டு வந்தீரு?"

ஜேசிபி டிரைவர் சிரித்த சிரிப்பில் எஞ்சின் அணைந்துவிட்டது. அந்த நேரத்தில் உன் தாளை எடுத்துக் கொடுத்தேன். மணிராஜ் இரண்டு முறை வாசித்தார். "ஒரு வேம்பு சாஞ்சாலும் அது திருட்டு. சாட்சி இந்தா நிக்குதாவ, இருபது பேரு. ஒவ்வொரு மரத்துக்கும் தேதி போட்ட போட்டோ இருக்கு" என்றேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனார். போனவர் போனவர்தான்.

எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். சோலை மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மூணு நாளைக்கு வண்டி பேசியாச்சு தங்கச்சி. வெட்டுத வெறகு எங்களுக்குன்னுதான் பேச்சு. வெறுங்கையோட போனா இந்தப் பயலுவ என்னையத் தின்னுருவானுவ. சம்மதம் இருக்குத உடைய எடுத்துக்கிடட்டுமா?"

"தாராளமா. ஆனா தூரோட எடுக்கணும்."

மூன்று நாள், அண்ணே. நான் நாலு வருடம் தோண்ட வேண்டியதை அந்த இரும்பு வாய் மூன்று நாளில் தோண்டி எடுத்துவிட்டது. அம்மிக்கல் தூரெல்லாம் லாரியில் ஏறிப் போனது. நம்மை மொட்டையடிக்க அனுப்பிய வண்டி நமக்குக் கூலியில்லாத வேலைக்காரனாகிவிட்டது. ஓடைக்கரை உடை ஏழும் அப்படியே நிற்கிறது. வேம்பில் ஒரு கொப்புகூட ஒடியவில்லை. கடைசி நாள் பெண்கள் காட்டுக்குள்ளேயே பொங்கிச் சாப்பிட்டோம். மேஸ்திரிக்கும் ஒரு தட்டு.

இனி உன் விஷயம். பட்டறையின் பெயர், நீ சேர்ந்த தேதி, உன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரின் பெயர், வருகைச் சீட்டு எதுவானாலும் அனுப்பு. ஊரான் பிள்ளைக்கெல்லாம் மனு எழுதுகிறேன், என் அண்ணனுக்கு எழுத மாட்டேனா? விரல் போனது உனக்கு, வெட்கமும் உனக்கா? வெட்கப்பட வேண்டியவன் அந்த நோட்டை வைத்திருக்கிறவன்.

அன்புடன்,
பிரிஸ்கி

*

மும்பை
24 அக்டோபர் 2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு, தோத்திரம்.

கை ஆறிவிட்டது. மழை நாளில் மட்டும் இழுக்கிறது. இந்தத் தடவை சுகம் என்று எழுதுவது பாதி உண்மை. எழுத்தும் கொஞ்சம் நேராகியிருக்கிறது, பார். உன் கடிதத்தை வாசித்துவிட்டு பியூலா 'ஒரு பேச்சுக்கு' என்று வீட்டில் எதற்கெடுத்தாலும் சொல்கிறாள். நீ கேட்ட தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் காட்டை நான் ஒரு தடவை வந்து பார்த்திருந்தால், வேம்பு, மஞ்சணத்தி என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்திருப்பேன். கை எவ்வளவு வலித்தாலும் எழுதியிருப்பேன். கையில் காசில்லாமல் அப்போது எனக்கு அவ்வளவு பயம். பார்க்காததால் அது பிழைத்தது. இதை நினைத்தால் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

நீ தனித்தாளை நகல் எடுத்தது சரி. அதில் கடைசி வரியை வக்கீல் குமாஸ்தா தேவையில்லை என்றார். நான்தான் இருக்கட்டும் என்றேன்.

பள்ளி லீவில் மூன்று பேரும் வருகிறோம். மே மாதம்.

எபநேசர்

*

ஓடைக்கரைப்பட்டி
12 பிப்ரவரி 2025

பிரியமான அண்ணனுக்கு,

நான் நல்ல சுகம். மதினி போனில் இருமினாரே, நின்றுவிட்டதா? உன் மனுவுக்கு எண் கொடுத்து முதலாளிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது என்று தொழிலாளர் அலுவலகத்தில் இருந்து தகவல் வந்தது. உன் ஆள் இல்லை என்றால் பதினாலு வருடம் ஏன் வருகைச் சீட்டுப் போட்டாய் என்ற கேள்வியைத்தான் முதல் வரியாக வைத்திருந்தேன். இனி அவன் பதில் சொல்லட்டும்.

நேற்று வி.ஏ.ஓ. வந்தார். நான்கு மனு போட்ட பிறகு. வரப்பில் நின்று போனை நீட்டினார்.

"போட்டோ எடுத்துக்கிடுதேன்மா. உள்ள வரணும்னு இல்ல."

"தரிசுன்னு எழுதத்தான் சார் உள்ள வர வேண்டாம். இத எழுதணும்னா வரணும்."

வந்தார். நான் மரத்தைச் சொல்ல, அவர் குறிக்க, சுப்புத்தாய் எண்ணிய மரத்தில் எல்லாம் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். இருநூறு தாண்டியதும் ஒரு மஞ்சணத்தி அடியில் உட்கார்ந்துவிட்டார். "ஐநூறுன்னு மொத்தமாப் போட்டுக்கிடுவோமே."

"எண்ணிப் போடுங்க சார்."

"ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய இருந்தா என்னம்மா?"

"ஒம்ம சம்பளத்துல ஒண்ணு ரெண்டு கொறஞ்சா சும்மா இருப்பீரா?" என்றாள் பாண்டியம்மாள் அக்கா. எழுந்துவிட்டார்.

மத்தியானம் இரண்டரைக்கு முடிந்தது. வேம்பு 386. மஞ்சணத்தி 141. வாகை 22. உடை 7. நாட்டு உடை என்று எழுதப் போனார். "வெறும் உடைன்னு எழுதுங்க சார், அதோட பேரு அதான்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதினார். இன்று காலை முதல் வேலையாக, எங்கள் மையத்து கம்ப்யூட்டரில் நம் அடங்கலை நானே திறந்து, நானே அச்செடுத்தேன். தரிசு என்ற சொல் அந்த வரியில் இல்லை. தோப்பு என்று இருக்கிறது. மரத்தின் பெயரும் எண்ணிக்கையும் இருக்கின்றன. அச்சு எந்திரத்தில் இருந்து தாள் வெளியே வரும்போது வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே கை தட்டிவிட்டேன். என்னம்மா என்று கேட்டார்கள். காட்டினேன். சாயங்காலத்துக்குள் பதினாலு பேர் தங்கள் நிலத்தையும் வந்து பார்க்கச் சொல்லி மனு எழுதி வாங்கிப் போனார்கள். முதல் ஆள் நம் கீழ்க்காட்டுச் சொர்ணத்தாய். அவள் நிலத்தில் நிற்பது நூறு பனை. தரிசாம்.

மணிராஜைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கம்பெனி வேறு பக்கம் நிலம் பார்க்கிறதாம். வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன்.

பின்பக்கம் இரண்டு ஏக்கரில் ஐப்பசி மழைக்கு முளைத்த வேம்புக் கன்றுகள் சாண் உயரம். நடுநடுவே சீமை உடையும் முளைக்கிறது. தினமும் காலையில் பிடுங்குகிறேன்.

மே மாதம் வரும்போது மூன்று பேரும் கெட்டியான செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். மும்பைச் செருப்பெல்லாம் இங்கே ஒரு அடிக்குத் தாங்காது. வெட்டிய இடத்தில் முள் இன்னும் கிடக்கிறது, ஏழு ஏக்கரையும் உன்னை நடத்திக் காட்டாமல் விட மாட்டேன்.

அன்புத் தங்கை,
பிரிஸ்கில்லா